அளவுச் சட்டை

கமலாசனியின் வான் வண்டி வேலிப் படலையடியில் வந்து நின்றபோது மீனம்மா தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஹோர்ன் சத்தம் கேட்டதுமே எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தாள். ஒன்பது மணிக்கு விசுவமடுவில் கலியாணம். மாப்பிள்ளையின் அக்காவான கமலாசனிக்கு, அதுவும் விடியற்காலை ஆறரைக்கு, தர்மபுரத்தில் ஒரு கொட்டில் வாசலில் என்ன வேலை?

வேலை என்னவென்று மீனம்மாவுக்குத் தெரியும். இரண்டு கிழமையாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்தவள் அவள். அகதி முகாமில் கொடுத்தது பூப்போட்ட திரைச்சீலைத் துணி. அதையே கையால் தைத்துச் சட்டையாக்கிப் போட்டுக்கொண்டு கமலாசனியின் மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கப் போனாள். "அங்க பாருங்கோ, யன்னல் நடந்து வருது" என்று கமலாசனி கைகொட்டிச் சிரித்தாள். சிரிக்கட்டும். கூடக் களை பிடுங்கிய பெண்கள் அந்தச் சட்டையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், கையைத் திருப்பிப் பார்த்தார்கள், "எனக்கும் ஒண்டு தைச்சுத் தாவன்" என்றார்கள். பிறகு, முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவந்து விற்கும் ஜெமீல் நானா, ஒரு பழைய கைமெசினைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அவர் விற்கிற பிள்ளைச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தே மீனம்மா அதைத் தனக்குச் சொந்தமாக்கினாள். எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது அவள் களைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அங்கேதான் கமலாசனிக்குப் பற்றிக்கொண்டது. தன் தோட்டத்தில் குனிந்து நின்றவள் மெசின் முன்னால் கதிரை போட்டுக் குந்துவதா? கிணற்றடி, கோயிலடி, சங்கக்கடை என்று போகிற இடமெல்லாம், "அவள் தைக்கிறது ரெண்டு தோய்ச்சலில பிரிஞ்சுபோம்" என்று சொல்லித் திரிந்தாள். நல்ல வாய்!

அந்த வாய்தான் இரண்டு கிழமைக்கு முன் இதே வாசலில் வந்து நின்றது. தம்பியின் கலியாணம். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் பெண்ணுக்குத் தோழியாக மணவறையில் நிற்கப் போவது கமலாசனிதான். சபை முழுக்க அவளைப் பார்க்கும். கிளிநொச்சித் தையல்காரர் ஆம்பிளை. அவர் அளவெடுக்க அவளுடைய புருஷன் விடமாட்டார். வேறு போக்கில்லாமல் வந்திருந்தாள். சாறியோடு வந்த பட்டுத்துண்டையும் ஒரு பழைய சட்டையையும் வாசற்படியில் வைத்தாள்.

மீனம்மா அளவு நாடாவோடு எழுந்ததும் கமலாசனி இரண்டடி பின்னால் போனாள்.

"நில்லடி. தொட்டு அளக்கிற வேலையெல்லாம் வேண்டாம். இந்தா அளவுச் சட்டை. இது நான் கலியாணத்துக்குப் போட்டது. இதைப் பாத்துத் தை."

மீனம்மா சட்டையை எடுத்து விரித்தாள். சுருங்கிக் கிடந்த சின்னச் சட்டை. அதைப் போட்ட பெண்ணுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

"அம்மா, இது ரொம்பப் பழைய அளவுங்க. ஒரு தடவ டேப்பு வச்சிப் பாத்துட்டா..."

"தந்த அளவுக்குத் தைக்கிறதுதான் உன்ர வேலை. என்ர உடம்பை எனக்குத் தெரியாதோ? நீ தைச்சதை மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுத்தான் நான் உடுப்பன், தெரியுமோ?"

மீனம்மாவுக்கு உச்சி கொதித்தது. துண்டைத் தூக்கி முகத்தில் எறிந்திருக்கலாம். எறிந்தால் ஊரில் பிழைப்பு ஏது? தந்த அளவுக்கே தைத்தாள். முந்தாநாள் ஆள் வந்து வாங்கியபோது, "ஒருக்கா போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினாள். கேட்டால்தானே!

இப்போது கமலாசனி வானிலிருந்து இறங்கி வந்தாள். தலையில் கனகாம்பரம், கழுத்தில் பதக்கஞ்சங்கிலி, இடுப்பில் பட்டுச்சாறி, மேலே ஒரு பழைய வீட்டுச்சட்டை. பின்னால் மச்சாள் வடிவம்மாவும் இன்னும் நாலு பெண்களும் இறங்கினார்கள். பட்டுச்சட்டை மீனம்மாவின் மடியில் வந்து விழுந்தது.

"எளிய நாயே! வேணுமெண்டுதானே சின்னனாய்த் தைச்சனீ? கைகூட உள்ள போகுதில்லை. சபையில நான் அவமானப்பட வேணுமெண்டு நினைச்சனீ, என்ன? தோட்டக்காட்டாளுக்கு மெசின் என்னத்துக்கு? நாளைக்கு விடிய மிளகாய்க்கு வந்து நிக்கிறாய். ஊரில ஒருத்தியும் இனி உன்ர படலையை மிதிக்க நான் விடமாட்டன்."

விடமாட்டாள்தான். இந்தச் சட்டை பிழையாய்ப் போய்விட்டது என்று கலியாண வீட்டில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். மெசினை மூடி வைத்துவிட்டு மறுபடியும் அந்த மிளகாய்க் கன்றுகளுக்குள் குனிய வேண்டியதுதான். ஆனாலும் மீனம்மா எழுந்து போய் அளவுச் சட்டையை எடுத்து வந்து, புதுச் சட்டைக்கு மேல் வைத்து, வடிவம்மாவின் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே பாருங்கம்மா. ஒரு நூலு கூடவா கொறையவா இருக்கா?"

வடிவம்மா தோளைத் தோளோடும் கையைக் கையோடும் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்டுதான் மச்சாள்" என்றாள்.

"அம்மா இந்த அளவுச் சட்டையப் போட்டுக் காட்டட்டும்" என்றாள் மீனம்மா. "கொக்கி மாட்டிச்சின்னா, இந்த மெசின நானே தூக்கிக் கெணத்துல போட்டுட்டு மொளகாக்கி வர்றேன்."

வானடியில் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கமலாசனியின் முகம் கறுத்தது.

"நேரம் போகுது மச்சாள்" என்றாள் வடிவம்மா. "இப்ப என்ன செய்யிறது? வேற சட்டையுமில்லை."

"செய்யலாம்" என்றாள் மீனம்மா. சட்டையைப் புரட்டிக் காட்டினாள். விலாவிலும் கையிலும் உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விட்டிருந்தது. இரக்கப்பட்டு விட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். நாலு வருஷம் அந்த முதுகுக்குப் பின்னால் நடந்து களை பிடுங்கியவளுக்கு அதன் அகலம் தெரியாதா? "அரை மணியில பிரிச்சித் தச்சிடுவேன். ஆனா இந்தத் தடவ டேப்பு வச்சித்தான் அளப்பேன். அம்மா உள்ள வந்து நிக்கணும்."

"உவள் என்னைத் தொடுறதோ?"

வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

கமலாசனி குனிந்து கொட்டிலுக்குள் வந்தாள். கைகளைத் தூக்கினாள். மீனம்மா நாடாவை அவள் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நெஞ்சில் பிடித்தாள். சும்மா பிடிக்கவில்லை, உள்ளங்கை படவே பிடித்தாள். பிறகு படலை வரை கேட்கும்படி வாசித்தாள்.

"நாப்பத்திரெண்டு!"

சொன்னபடி அரை மணியில் பிரித்துத் தைத்த சட்டை வார்த்ததுபோல் பொருந்தியது. கமலாசனி சாறியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள்.

"மஞ்சத் தண்ணி தெளிக்கணுமாம்மா?" என்று மீனம்மா பின்னாலேயே கேட்டாள். "கெணத்தடியில வாளி இருக்கு."

வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் மீனம்மா கதிரையில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கமலாசனி விட்டுப்போன அளவுச் சட்டையை எடுத்துக் கொட்டிலின் வாசல் மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள்.

அடுத்த கிழமை வடிவம்மா வந்தாள், பிறகு அந்த நாலு பெண்களும் வந்தார்கள். யார் அளவுச் சட்டையோடு வந்தாலும் மீனம்மா நாடாவால் அந்த ஆணியைக் காட்டுவாள். "அளவுச் சட்ட அங்க ஒண்ணு தொங்குது, போதும். நீங்க உள்ள வந்து நில்லுங்க."

அந்தச் சட்டையைத் திருப்பிக் கேட்டுக் கமலாசனி இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். அவளே வந்து எடுக்கட்டும் என்று மீனம்மா சொல்லிவிட்டாள். அவள் வரவேயில்லை.