உதைக்காத தோட்டா

…சாய்ந்தால் சாய்ந்துவிட்டுப் போகட்டும், இதற்குமேல் குனிய இடுப்பு இடம் கொடுக்காது, ஆறாவது கேனையும் வைத்தாயிற்று. கோடை முழுக்கப் பால் வாங்கி, காலி கேன்களைக் கழுவிக் கொட்டகையில் சேர்த்து வைத்ததெல்லாம் இந்த ஒரு காலைக்காகத்தானா என்று நினைத்தபோது ஆர்டிஸுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. தண்ணீர் நிரம்பிய கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுகளத்து மண்மேட்டைப் பார்த்து நின்றன, கடைசியில் ஊறவைத்த செய்தித்தாள் திணித்த ஒரு அட்டைப்பெட்டி. குண்டு தண்ணீரைத் துளைத்துக்கொண்டு போகும், எங்கோ நிற்கும், தோண்டி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், காளான்போல விரிந்திருக்கிறதா, இல்லை ஆணிபோல அப்படியே போயிருக்கிறதா என்று. விரிந்தால் எல்க் மான் நின்ற இடத்திலேயே விழும். விரியாவிட்டால்… விரியாவிட்டால் போன நவம்பர்தான். எதை நினைத்தாலும் அங்கே போய்த்தானே முட்டுகிறது, காபி கலக்கும்போதும், தலையணை உறை மாற்றும்போதும், அந்த வெள்ளைச் சரிவும் அதில் பொட்டுப் பொட்டாய்ச் சிவப்பும்.

பள்ளத்துக்கு அந்தப்புறம் நின்றிருந்தது அந்த எல்க். அவள் கணவன் டெல்மர் சுட்டான், அது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் அவனும் அவளும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள், அப்புறம் புதுப்பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. வீட்டுக்கு வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒரு மானுக்கென்று அரசு தரும் வேட்டைச் சீட்டில் தேதியைத் தானே கத்தியால் வெட்டினான். கிடைத்த மானுக்குத்தான் வெட்ட வேண்டும், கிடைக்காததற்கு வெட்டு என்று சட்டம் சொல்லவில்லை, இந்தப் பக்கத்தில் சிலபேர் அப்படிச் செய்வார்கள், அவ்வளவுதான். “சுட்டாச்சுன்னா அது என் கணக்கு, ஆர்டிஸ்,” என்றான். அந்த வருஷத்து வேட்டை அதோடு முடிந்தது. அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, எழுந்துபோய் அவன் தலையைத் தொட வேண்டும்போல் இருந்தது, தொட்டாளா? நினைவில்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டான், குண்டு விரியலை, குண்டு விரியலை. தீவனக் கடையில், மாதாகோயில் வாசலில், மருமகனிடம் போனில். பிப்ரவரியில் கண் மருத்துவர் அவன் குறிபார்க்கிற வலது கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது என்றார், எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு ஒரு வருஷமாகவே இருக்கலாம் என்றார், காரில் திரும்பி வரும் வழியெல்லாம் டெல்மர் கோதுமை விலையைப் பற்றிப் பேசினான். அடுத்த மாதம் வேட்டைக்காலம் தொடங்குகிறது. குற்றம் குண்டுடையது என்றால் புதுக் குண்டோடு தனியாக மலையேறுவான். குண்டு நல்லது என்றால்? அப்போது யாராவது ஒருவர் அந்தக் கண்ணைப் பற்றி வாயைத் திறந்தாக வேண்டும், அந்த ஒருவர் யார், அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்… ஐயோ, எவ்வளவு அசதியாக இருக்கிறது.

“நீயே சுடு, எனக்குத் தோளு சரியில்ல,” என்றான் டெல்மர். நேற்று வைக்கோல் கட்டுகளைத் தூக்கி எறிந்த தோள். சரி என்று உட்கார்ந்தாள். முதலில் புதுக் குண்டு, செம்புக் குண்டு. துப்பாக்கி தோளில் பலமாக உதைத்தது, முன்கேன் வெடித்துத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழுந்தது. சுடுகளத்தைப் பார்த்துக்கொள்ளும் ராய்ஸ் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினான், உள்ளே தோட்டா இல்லையென்று தெரியத் துப்பாக்கிகளைத் திறந்து வைத்துவிட்டு நடந்தார்கள், நான்காவது கேனுக்குள் கிடந்தது, இதழ் இதழாய் விரிந்து. மறுபடி கேன்களை அடுக்கினாள். இனிப் பழைய குண்டு, போன வருஷத்துக் குண்டு. தோட்டாக்களை வீட்டிலேயே அடைப்பவன் அவன், இரண்டுக்கும் ஒரே அளவு வெடிமருந்துதான் போட்டிருக்கேன் என்று காலையில் முட்டை சாப்பிடும்போது, அவள் கேட்காமலேயே சொல்லியிருந்தான். கேனின் நடுவில் குறிவைத்து விசையை அழுத்தினாள்… இது என்ன? வழி கேட்க யாரோ தோளைத் தொட்டதுபோல் இருந்தது. ஓட்டை நடுவில் விழவில்லை, கையகலம் கீழே. இந்தத் துப்பாக்கியால் அவளும் எத்தனை வருஷம் மான் சுட்டிருக்கிறாள், இதன் உதை அவளுக்குத் தெரியாதா? பாதி மருந்துகூட இருக்காது, வேண்டுமென்றே குறைத்து அடைத்திருக்கிறான். மெதுவாகப் போகிற குண்டு எப்படி விரியும், எந்தக் குண்டுதான் விரியும்?

“என்னய்யா டெல்மர், மருந்து தீர்ந்துபோச்சுன்னு மாவு போட்டு அடைச்சுட்டியா? தும்மல் போட்ட மாதிரி இருக்கு!” ராய்ஸ் பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“உன் காதைக் கொண்டுபோய்க் காட்டு ராய்ஸ், உன் பொண்டாட்டி கத்துறதே உனக்குக் கேக்காதாமே,” என்று சொன்னது ஆர்டிஸ்தான், நினைப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள், ராய்ஸும் சிரித்தான். டெல்மர் சிரிக்கவில்லை. ஆறு கேனையும் தாண்டி ஈரத்தாளுக்குள் கிடந்தது குண்டு, மூக்கு லேசாக நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?” என்று உள்ளங்கையில் வைத்து ஒவ்வொருவரிடமும் காட்டினான், அவர்கள் அட என்றார்கள், இதை வைத்துக்கொண்டா மலைக்குப் போனாய் என்றார்கள். அவளிடம் மட்டும் காட்டவில்லை. யாரும் பார்க்காத சமையலறையில் தன் சீட்டைத் தானே வெட்டின அந்த ஆள் எங்கே போனான்? ஆனால்… ஏன் அவளைச் சுடச் சொன்னான்? மணல்மூட்டையில் சாய்த்து வைத்து இவ்வளவு பெரிய கேனை அந்தக் கண்ணாலேயே அவன் அடித்திருக்கலாம். ராய்ஸிடம் கொடுத்திருக்கலாம், குஷியாகச் சுட்டிருப்பான், இந்தத் துப்பாக்கியை அவன் தொட்டதே இல்லை, உதை குறைந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. ஊரிலேயே இதன் உதை தெரிந்த இன்னொரு தோள் இது ஒன்றுதான், அதைத் தேடிக் கொடுத்திருக்கிறான். இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்றா? தெரிந்தாலும் சொல்ல மாட்டாள் என்றா, இத்தனை வருஷமாக அவள் எதைத்தான் சொல்லியிருக்கிறாள்? இல்லை, தெரியட்டும் என்றேதானா…

மேசைக்குத் திரும்பியபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான். காலிக் கேன்களைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், “தோளு வலிக்குதா?” என்றான். இவ்வளவு லேசான உதைக்கு யாருக்குத் தோள் வலிக்கும், அது அவனுக்குத் தெரியாதா? அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுடப்போறாங்க, காதை மூடுங்க என்று ராய்ஸ் கத்தினான், வரிசையில் எல்லாரும் காதுக்கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டார்கள், டெல்மர் மட்டும் தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டாமல், அவள் வாயையே பார்த்து நின்றான்.