மறுபடி வைத்த பொட்டு

தாயத்துக் கட்டிய அன்று வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். மாமியார் பாலம்மாள் அடுப்படி வாசலை ஒட்டிக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் சுந்தரேஸ்வரி பருத்தி மூட்டையில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். எட்டயபுரத்து நகைப் பத்தர் சன்னலுக்குக் கீழே, அரக்கு உருக்கும் விளக்கோடு. கணவன் கோபாலசாமி உட்காரவில்லை, கதவு நிலையில் தோள் கொடுத்து நின்றான். முத்துசெல்வி தாம்பாளத்துக்குப் பக்கத்தில். ஒன்பது நாள் முன்பின்னாகப் பிறந்த இரண்டு பிள்ளைகள், சுந்தரேஸ்வரியின் மகன் கிருஷ்ணகுமாரும் முத்துசெல்வியின் மகள் பிரித்திகாவும், ஒரே சேலையில் கிடந்தார்கள்.

எட்டு வருசம் கழித்து நாத்தனாருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் முத்துசெல்வி முதலில் எழுதினாள். யார் எங்கே இருந்தார்கள் என்று வரிசையாக எழுதிவிட்டால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்தாள். பசுவந்தனைப் பள்ளிக்கூடத்தில் இடம், நாள், பொருள் என்று எழுதிப் பழகிய கை. பொருள் என்ற இடத்தை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள்.

காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளிக் குழலில் அடைத்து, வாயை அரக்கால் மூடி, பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கோப்பார்கள். எந்தக் காய்ச்சல் வந்தாலும் அந்தக் கொடிதான் பிள்ளையை இந்தப் பக்கம் பிடித்து வைக்கும் என்பாள் பாலம்மாள். ஆனால் அவரவர் கொடி அவரவர் இடுப்பில் இருக்க வேண்டும். குழல் இரண்டும் ஒரே மாதிரி என்பதால், பையனுடையதில் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

"ஏலே கோவாலு, ஒம் மவள எம் மவனுக்குத் தாரியா? இப்பவே வெத்தல மாத்திருவோம்," என்றாள் சுந்தரேஸ்வரி.

"மொதல்ல மாப்பிளைக்குத் தல நிக்கட்டும்க்கா," என்றான் கோபாலசாமி.

பத்தர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள்தான் முத்துசெல்வி தாம்பாளத்தை நகர்த்தினாள். குழல்கள் உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்தன. எடுத்துப் பிரித்தபோது அவள் கட்டைவிரலில் குங்குமம் இருந்தது. குழல் எதிலும் இல்லை. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. விரலில் இருந்ததை ஒரு குழலில் வைத்து அழுத்தினாள். இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மூன்று வயதில், திருப்பூரில், இரண்டு நாள் காய்ச்சலில் கிருஷ்ணகுமார் போய்விட்டான்.

அவன் மண் தின்கிற பிள்ளை. பிரித்திகா அதுவரை மண்ணைத் தொட்டவளில்லை. பதினாறாம் நாள் அவள் பல்லிடுக்கில் கரிசல் இருந்தது. அடித்ததில் அது நின்றது. நிற்காதது இன்னொன்று. கோடையில் நிலம் வெடித்ததும் வெடிப்பின் மேல் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொள்வாள். இப்போது எட்டு வயது. வைகாசியில் வெடித்த நிலம் ஆடி பிறந்தும் மூடவில்லை. போன வாரமும் அப்படித்தான் கிடந்தாள்.

"யார்ட்டட்டி பேசுத?"

"கிச்சாட்ட."

"என்ன சொல்லுதான்?"

"தண்ணில விடப் போறாவளாம்."

"யார?"

"என்னைய." வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அதற்கு மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து சுந்தரேஸ்வரி போனில் பேசினாள். மகனுடைய தாயத்தை அஞ்சு வருசமாகப் பீரோவில் வைத்து அழுதது போதும். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்க் கடலில் விட்டுவிடலாம் என்றிருக்கிறாள்.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று முத்துசெல்வி இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும், "பிள்ளைட்ட குடு முத்து," என்றாள் மதினி. பிரித்திகா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும், "சரிய்யா... சரிய்யா... அம்மா வாரேன்," என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தாள். கோபாலசாமியிடம் சொல்லவில்லை. மகளின் இடுப்புக் கயிற்றை அறுத்து, தாயத்தை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். மாறியிருந்தால், மதினி கடலில் விடப்போவது பிரித்திகாவை. மாறாதிருந்தால், இதை அனுப்புவது பிள்ளையைத் தானே அறுத்துவிடுவது. கடைசியில் இப்படி முடித்தாள்:

'எது யாருடையது என்று எனக்குத் தெரியாது மதினி. அன்றைக்கே தெரியாது. உங்களிடம் இருப்பதைத் தண்ணீரில் விடவேண்டாம். இதையும் அதோடு சேர்த்து வையுங்கள். என்மேல் கோபம் வந்தால் என்னை எதுவும் செய்யுங்கள். இரண்டு பிள்ளைகளும் இனி உங்கள் கையில்.'

பொருள் என்ற இடத்தில் அப்போதும் ஒன்றும் எழுத வரவில்லை.

தபாலாபீசுக்கு மகளையும் கூட்டிப் போனாள். அங்கே தபால் வாங்குகிற அழகுத்தாய் உறையை விரலால் தடவிப் பார்த்தாள். "உள்ள என்னம்மா, கட்டியா இருக்கு?"

"தாயத்துக்கா. வெள்ளிக்கெழமைக்குள்ள போயிருமா? திங்க அமாவாச."

"ஸ்பீட் போஸ்ட்டுதான, போயிரும். பிள்ளைக்கா?"

முத்துசெல்வியை முந்திக்கொண்டு, "ஆமா," என்றாள் பிரித்திகா.

அழகுத்தாய் பசையை இன்னொரு தரம் தடவி, ஓரத்தை அழுத்தி, முத்திரை குத்தினாள். பிரித்திகாவின் இடது கை அம்மாவின் கையில் இருந்தது. வலது கை, தன்னைவிடச் சின்னதொரு கையைப் பிடித்திருப்பதுபோல், கீழே பாதி மூடித் தொங்கியது. வீட்டிலிருந்து அப்படியேதான் நடந்து வந்திருந்தாள். உறை பைக்குள் விழுந்தது. பையின் வாயைச் சுருக்கிக் கட்டிக் கோவில்பட்டி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி திரும்பியதும் பிரித்திகா வலது கையை விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளங்கை முழுக்க ஈரக் கரிசல். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.