வடு இல்லாத குண்டு

பேரையூர்ச் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் ரோகிணி ஒரு டப்பா நிறையக் கோலிக்குண்டு வாங்கினாள். அதில் ஒன்றை மட்டும் கீழே வைக்க மனம் வரவில்லை. நெல்லிக்காய் அளவு. உள்ளே வெள்ளையும் பச்சையுமாகக் கண்ணாடி இழைகள் முறுக்கிக்கொண்டு ஓடின. இரண்டு முனையிலும் விரலில் நெருடும் சின்ன வடு. சூடான கண்ணாடிக் கம்பியிலிருந்து கையால் வெட்டி எடுத்தால்தான் அப்படி வடு விழும். மெஷின் குண்டில் இருக்காது. கையால் செய்த பழைய குண்டுக்கு விலை அதிகம்.

ரோகிணி கல்லூரியில் லேப் அசிஸ்டெண்ட். பன்னிரண்டு வருடமாகக் குண்டு சேர்க்கிறாள். இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள விளாங்குடிக்குக் கொண்டுபோனாள். கிருபாகரன் சார் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை குண்டு சேர்ப்பவர்கள் பத்துப் பேர் கூடுவார்கள். அங்கே சூரியபிரகாஷ் சொன்னால் சொன்னதுதான். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

“புதுசு மாதிரிதாம்மா தெரியுது. எதுக்கும் குடுத்துட்டுப் போ, நல்லாப் பாத்துட்டு அடுத்த மாசம் சொல்றேன்.”

அடுத்த மாதம் பஞ்சில் சுற்றித் திருப்பித் தந்தார். “மெஷின் குண்டுதான். பிள்ளைகளுக்கு விளையாடக் குடு.”

ரோகிணி அதை விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். வழவழவென்று ஓடியது. மறுபடி உருட்டினாள்.

“இது என் குண்டு இல்லண்ணே.”

“நீ குடுத்ததுதாம்மா.”

“என் குண்டுல ரெண்டு பக்கமும் வடு இருந்துச்சு. ஒரு பச்சை இழை பாதியில அறுந்திருக்கும். அதுக்குப் பக்கத்துல கடுகாட்டம் ஒரு காத்துக்குமிழ். இதுல எங்க இருக்கு, காட்டுங்க!”

சுற்றி இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கிருபாகரன் சார் கையமர்த்தினார். “மெதுவாம்மா. ஒரு குண்டுக்குப் போயி இம்புட்டுச் சத்தமா?”

திருட்டைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“ஒரு குண்டுன்னு எப்படி சார் சொல்றீங்க? உங்கப்பா வச்சிருந்த குண்டை இவர்ட்டதான போன வருசம் பாக்கக் குடுத்து வாங்குனீங்க? அதை எடுத்து விரலால தடவிப் பாருங்க.”

சூரியபிரகாஷ் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ரோகிணி மாடிப்படி வாசலை மறித்து நின்றாள். “என் குண்டு வராம நீங்க கீழ எறங்க முடியாது.”

கிருபாகரன் சார் பீரோவைத் திறந்து தன் குண்டை எடுத்துவந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி உருட்டினார். நிறுத்தினார். மறுபடி உருட்டினார். வடு தட்டுப்படவில்லை.

“பையைத் தொறங்க சூரியபிரகாஷ்.”

“சார், நீங்களுமா…”

“தொறய்யா!”

பைக்குள் ஒரு சுருக்குப்பை. அதில் ஏழு குண்டுகள். ரோகிணிக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. அறுந்த பச்சை இழை நேரே தெரிந்தது. மற்றவர்கள் முண்டியடித்து வந்தார்கள். இரண்டு பேருக்குத் தங்களுடையது கிடைத்தது. கிருபாகரன் சாருடையது இல்லை.

“அது கைமாறிப்போச்சு சார்,” என்றார் சூரியபிரகாஷ், யாரையும் பார்க்காமல். அவரைப் பிடித்து உலுக்கக் கைகள் நீண்டன. ஐந்து நிமிடத்துக்கு முன் தரையைப் பார்த்த அதே ஆட்கள்.

ரோகிணி தன் குண்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கிருபாகரன் சார் பின்னாலேயே வந்தார்.

“மன்னிச்சுக்கம்மா. ஒன்னை அடக்கப் பாத்தேன்.”

“உங்க குண்டு பையில இருந்திருந்தா இப்பச் சந்தோசமா இருந்திருப்பீங்க சார். என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கவே மாட்டீங்க.”

அவள் நிற்கவில்லை. சமயநல்லூர் பஸ் வந்ததும் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.