அக்கா உடைத்த பட்டைகள்

நான் சுட்டெடுப்பதையெல்லாம் உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என் அக்கா. ஒரே ஆய்வுக்கூடம். பொடி கலந்து, பட்டை பட்டையாக அச்சில் அழுத்தி, உலையில் சுடுவது நான். அடுத்த அறையில் அதை முறித்துப் பார்ப்பது அவள். ராக்கெட் எஞ்சினில் நெருப்பு பீறிட்டு வெளியேறுகிற குறுகலான கழுத்துக்கான செராமிக் அது.

இந்த வேலையில் சராசரியை வைத்துக்கொண்டு நாக்குக்கூட வழிக்க முடியாது. ஒரு தொகுதியில் எல்லாப் பட்டையும் மலை மாதிரி நின்று, ஒன்றே ஒன்று சோடை போனாலும் எஞ்சின் அந்த ஒன்றில்தான் வெடிக்கும். இந்தத் தடவையும் சோடை போனால் என் கலவையைக் கைவிடுவதாகத் துறைத் தலைவர் சொல்லிவிட்டார். கலவை போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அதைவிட மோசம். பொடி அறைக்குள் ஓயாமல் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சாடா?"

"தொப்பி போட்டுட்டு வாக்கா."

"ஒரு நிமிஷம்தானே, பேசாம வேலையப் பாரு."

அக்காவை வெளியே போ என்று சொல்லும் தைரியம் எனக்குப் பிறவியிலேயே இல்லை.

சோதனையன்று அவள் அறை வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். விரல் நீளப் பட்டை ஒவ்வொன்றையும் இரண்டு உருளைமேல் கிடத்தி, முறியும்வரை இயந்திரம் மேலிருந்து அழுத்தி, தாங்கிய பாரத்தை எண்ணாகக் காட்டும். டக். நல்ல எண். மறுபடி டக். அதுவும் நல்ல எண். பிறகு ஒரு பட்டை, பாரம் ஏறத் தொடங்கியதுமே பொசுக்கென்று முறிந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தாள். தலைவரும் வந்துவிட்டார். திரையில் நீளமாக, மெல்லிசாக, வளைந்த ஓர் ஓட்டை. பொடிக்குள் எதுவோ விழுந்து, உலையில் எரிந்து, இருந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருந்தது.

"தலைமுடி," என்றார் தலைவர். என் தலையைப் பார்த்தார். அங்கே வெயில் பட்டால் எதிரே நிற்பவருக்குக் கண் கூசும். "உன்னோடது இல்ல. அப்ப யாருது?"

சொன்னால் பழி முடிமேல் போகும், கலவை பிழைக்கும். ஆனால் அக்கா மாட்டிக்கொள்வாள்.

"தெரியல சார்," என்றேன்.

"பொய் சொல்லாதடா," என்றாள் அக்கா. "என்னோடது சார். தொப்பி போடாம உள்ள போனேன். இவன் சொல்லத்தான் செஞ்சான்."

தலைவர் கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "சரி, இன்னொரு தரம் சுடட்டும். ஆனா நீ டெஸ்ட் பண்ண வேணாம்மா. தம்பி செஞ்சத அக்காகிட்ட கொடுத்ததே என் தப்பு."

அடுத்த தொகுதியை உடைக்க வேறொருவர் வந்தார். நிதானமான மனிதர், ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. கடைசிப் பட்டையும் நல்ல எண்ணோடு முறிந்ததும் வெளியே ஓடினேன். அக்கா தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூடச் சோடை போகலக்கா!"

என்னைக் கட்டிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன், தோள் நனையும் வரை.

"தோத்ததெல்லாம் என் கையால உடைஞ்சுது," என்றாள். "ஜெயிச்சத யாரோ உடைச்சிட்டாரேடா."