அட்டையில் இல்லாத கேள்வி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அச்சில் வந்தது எல்லாம் வேதவாக்கு. 'ஆறு பேர் மட்டும்' என்று பலகை சொன்னால், ஏழாவது ஆள் சொந்த மைத்துனனாகவே இருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒருமுறை நின்றும் இருக்கிறான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, "இன்னிக்கு நீங்கதான் நோயாளி" என்றார்கள்.

கோடை விடுமுறையில் ஓர் ஆஸ்பத்திரி நடத்திய இளம் மருத்துவர் முகாம் அது. நாற்பது பிள்ளைகள், முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளைக் கோட்டுகள், எல்லாருக்கும் சேர்த்து மூன்று ஸ்டெதஸ்கோப். கடைசி நாள் தேர்வில் ஆளுக்கொரு நோயாளியிடம் கேள்வி கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். தேறினால் நிஜ டாக்டர்களோடு ஒரு வாரம் வார்டு சுற்றலாம். மெக்கானிக்கின் மகள் இதற்காக மூன்று வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வீட்டுத் தலையணைகள் அத்தனைக்கும் கட்டுப் போட்டுவிட்டாள்.

மாடியில் படுத்திருந்த நிஜ நோயாளிகள் ஒருவரும் இதற்கு மசியவில்லை. அதனால் வேலையைப் பெற்றோர் தலையில் கட்டி, நோயைக் குலுக்கலில் கொடுத்தார்கள். விளையாட்டு வாத்தியார் ஒருவர், மீசையே அரை கிலோ இருக்கும், அவருக்கு வந்தது மூன்று மாதக் கர்ப்பம்.

"மேடம், இதை மட்டும் மாத்திக் குடுங்க."

"குலுக்கல்னா குலுக்கல்தான் சார்" என்றார் முகாம் தலைவி. கழுத்தில் விசில் தொங்கியது. "வாந்தி காலையில மட்டும்தான்."

பத்து மணிக்கு முறைத்துக்கொண்டிருந்த வாத்தியார், பதினொரு மணிக்கெல்லாம் இடுப்பில் கைவைத்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மெக்கானிக்கின் அட்டையில் 'இரண்டு நாளாக வயிற்றுவலி, வலது பக்கம், கீழே' என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'அட்டையில் இல்லாத கேள்விகளுக்கு உங்கள் சொந்த உண்மையைச் சொல்லவும்.' அதையும் இரண்டு தடவை படித்து வைத்துக்கொண்டார்.

திரையை விலக்கிக்கொண்டு வந்தது அவர் மகள்.

"நீயா?" என்று வாயெடுத்தார். வாசலில் நின்ற தலைவி விசிலைத் தூக்கிக் காட்டினார். விசில் ஊதும்வரை டாக்டர் டாக்டர்தான், நோயாளி நோயாளிதான். யாருக்கு யார் வருவார்கள் என்பதும் குலுக்கல்தான்.

"வணக்கம் ஐயா. உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றாள் மகள். அந்தக் கோட்டைக் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்ததே ஐயாதான்.

"வயிறு வலிக்குது டாக்டரம்மா. ரெண்டு நாளா."

"எந்தப் பக்கம்?"

"வலது" என்று சொல்லி இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. தலையில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டுக்கொண்டே இறங்கினாள். தலைவலி இல்லை, காதில் சீழ் இல்லை, தொண்டை நன்றாக இருந்தது.

"மாடி ஏறினா நெஞ்சு அடைக்குதா?"

மெக்கானிக் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடியில் அந்தப் பொடி எழுத்து மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அடைக்குது" என்றார். "மூணாவது மாடி தாண்டினா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. இடது கை வரைக்கும் இழுக்குது. உக்காந்தா சரியாயிடும். நாலு மாசமா."

லிஃப்ட் ஓடும்போது மெக்கானிக்கை யார் கூப்பிடுகிறார்கள்? அவர் போகும் கட்டடத்தில் எல்லாம் அவருக்குப் படிதான்.

மகளின் பேனா நின்றது. "வீட்டுல சொன்னீங்களா?"

"இல்ல. பயம்." இதுவும் அட்டையில் இல்லாத கேள்விதான். "டாக்டரம்மா, இது என் பொண்ணுக்குத் தெரியக் கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு."

முகாமின் முதல் நாள் அவள் வலது கையைத் தூக்கி ஓர் உறுதிமொழி படித்திருந்தாள். நோயாளி சொன்னதை அவர் சம்மதமில்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அதில் அச்சடித்திருந்தது. அச்சு விஷயத்தில் அவள் அப்பனுக்குப் பிள்ளை.

"என் மூலமாத் தெரியாது ஐயா" என்றாள். "ஆனா நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே."

விசில் ஊதிற்று.

மத்தியானம் சரியான விடை வைத்து ஒட்டியிருந்த உறைகளைப் பிரித்தார்கள். வாத்தியாருக்குக் கர்ப்பம் என்று கண்டுபிடித்த பையனுக்கு முழு மதிப்பெண், மாதம்கூடத் தப்பவில்லை. மெக்கானிக்கின் உறையில் குடல்வால் அழற்சி என்று இருந்தது. மகளின் தாளில் 'இதயம். அவசரம்' என்று இருந்தது.

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தவருக்கு நெஞ்சுல நோயா?" என்றார் தலைவி. கூடம் சிரித்தது. "எதை வச்சு இப்படி எழுதின?"

"சொல்ல முடியாது மேடம். நோயாளியோட ரகசியம்."

"இங்க எது ரகசியம்? உறையைத்தான் பிரிச்சாச்சே."

அவளுக்குப் பூஜ்யம் போட்டார்கள். கடைசி வரிசையில் மெக்கானிக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

வாசலில் அவள் கோட்டைக் கழற்றி மடித்தாள். "போலாம்ப்பா, பஸ் வந்துடும்." முகத்தில் ஒன்றுமே தெரியாத களை. அன்று காலையிலிருந்து எத்தனையோ நடிப்பைப் பார்த்துவிட்டார், இந்த நடிப்பை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"சொல்லுப்பா."

சொன்னார். மூணாவது மாடி, நெஞ்சு, இடது கை, நாலு மாசம். முதல் தடவை கேட்பவள்போலக் கேட்டாள். அவர் முடித்ததும் கோட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அரை நாளாக அழ உரிமையில்லாமல் வைத்திருந்த அழுகை அது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று விம்மலுக்கு நடுவே கேட்டாள்.

"காட்டினேன். சின்ன வயசு. கெட்டிக்காரி. முதல்ல உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

வந்த வழியே திரும்பினார்கள். இதயப் பிரிவு மூன்றாவது மாடியில். லிஃப்டில் ஏற்கெனவே ஆறு பேர். மெக்கானிக் பழக்க தோஷத்தில் படிப்பக்கம் திரும்ப, மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேஷன்ட் இருக்காரு, யாராவது எறங்குங்க."

உள்ளேயிருந்து மீசை வாத்தியார் இறங்கினார். "நீங்க ஏறுங்க சார், நான் மெதுவா படியில வந்துக்கறேன்" என்றார், இடுப்பில் வைத்த கையை எடுக்காமல்.

உள்ளே போனதும் மெக்கானிக் எண்ணினார். ஏழு. மகளும் எண்ணியிருக்க வேண்டும். வெளியே போகக் காலெடுத்தாள். அவர் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பலகைக்கு முதுகைக் காட்டி நின்றார்.