மூன்றாவது ஸ்லைடு

ஏசுதாஸ் மூன்றாவது ஸ்லைடைத் திரையில் போட்டபோது டாக்டர் ராஜத்துக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அதைப் போடச் சொன்னதே அவள்தான்.

மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் கூட்ட அறை. 2006, ஜூலை மாதம். எய்ட்ஸ் ஆராய்ச்சியில் புதிதாகக் கால் வைக்கும் இளம் விஞ்ஞானிகளுக்கு மூன்று வருடம் சம்பளமும் ஆய்வுச் செலவும் தருகிற வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று ஏழு பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. கிடைக்கப் போவது இரண்டு பேருக்கு. அவரவர் வழிகாட்டிகளும் உடனிருக்கலாம்.

செங்கல்பட்டில் ராஜம் நடத்தும் ஆய்வு மையத்தில் நாலு வருடமாக வேலை பார்ப்பவன் ஏசுதாஸ். கருங்குழியில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அந்தத் தெருவிலேயே முதல் டாக்டர் பட்டம் அவனுடையது. மருந்து சாப்பிட்டும் சிலரிடம் வைரஸ் ஏன் அடங்குவதில்லை என்பதுதான் அவன் ஆராய்ச்சி. ஆகஸ்டோடு மையத்தில் அவனுடைய திட்டம் முடிகிறது. இது கிடைக்காவிட்டால் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் போன வாரம் ராஜமே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள்.

"ஆரம்பமே கிராஃபா இருந்தா தூங்கிடுவாங்கப்பா. முதல்ல ஒரு மனுஷியைக் காட்டு. எஸ்-17-ஐப் போடு."

மையத்துப் பதிவேட்டில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவன், 'எஸ்-17, பெண், வயது 31' என்று மட்டும் போட்டான். ராஜம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து மீதியைத் தானே அடித்தாள். சதுரங்கப்பட்டினம். மீன் விற்பவர். கணவர் லாரி ஓட்டுநர், 2003-ல் இறந்தார். இரட்டைப் பெண் குழந்தைகள்.

"ஊர் பேர் வேணுமா மேடம்? சின்ன ஊரு."

"அவ பேரையா போட்டோம்? டெல்லியிலேர்ந்தும் அமெரிக்காவுலேர்ந்தும் வர்றவங்களுக்குச் சதுரங்கப்பட்டினம் எந்தத் திசைன்னாவது தெரியுமா?"

"சரி மேடம்" என்றான். மேடம் திருத்தியதைத் திரும்பத் திருத்தும் வழக்கம் அந்த மையத்தில் கிடையாது.

நாற்காலியில் உட்காரப் போகிறவர்களை மட்டுமே ராஜம் கணக்கில் எடுத்திருந்தாள். டீ கொண்டு வருகிறவர்களை எடுக்கவில்லை.

திரைக்கு அருகே தட்டோடு போய்க்கொண்டிருந்த வெயிட்டர் ஒருவர் நின்றுவிட்டார். உதடு அசைய வரி வரியாகப் படித்தார். இடைவேளையில் நேராக ஏசுதாஸிடம் வந்தார். சட்டையில் பக்தவத்சலம் என்று பெயர் குத்தியிருந்தது.

"அண்ணாத்த, எங்க எல்லம்மா கதைய இன்னாத்துக்குப் படம் காட்டிகினு கீற?"

பக்கத்தில் நின்ற ராஜம் டீக் கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"எந்த எல்லம்மா?" என்றான் ஏசுதாஸ்.

"மீன் விக்கிறவ, லாரிக்காரன் பொண்டாட்டி, ரெட்டைப் பொண்ணு. எங்க ஊர்ல இப்டி எத்தினி பேரு கீறாங்கன்ற? வெள்ளைக்காரனுக்குப் பத்து வருசமா நாஸ்தா வெக்கிறேன். இந்த இங்கிலீஷ்கூடவா படிக்க மாட்டேன்?"

"அண்ணே, வெளிய யார்கிட்டயும்..."

"நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்? என் சம்சாரத்துக்குச் சித்தப்பா பொண்ணு அவ. ஆனா எனக்குத் தெரிஞ்சிடுச்சே. காலைல மொதல்ல எங்க வூட்டாண்டதான் கூடைய எறக்குவா. நான் எப்டி அவ மூஞ்சியப் பாக்குறது?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் காலிக் கோப்பைகளை அடுக்கப் போய்விட்டார். இரண்டடி தள்ளி நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார் பாலசுப்ரமணியன். தேர்வுக் குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள்.

இடைவேளை முடிந்ததும் ஏசுதாஸை மறுபடி கூப்பிட்டார்கள். நோயாளியின் ஊரும் குடும்ப விவரமும் போட முடிவு செய்தது யார் என்று பாலசுப்ரமணியன் கேட்டார்.

ராஜம் இரண்டாவது வரிசையில் இருந்தாள். அடுத்த மாதம் அவளுடைய மையத்தின் ஐந்தாண்டு நிதி இதே அறக்கட்டளையின் முன் வருகிறது. இருபத்திரண்டு பேரின் வேலை. அந்தக் காரணம் கூப்பிடாமலே ஓடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஏசுதாஸ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தான் சார். தப்பு என்னோடது."

அவன் பேசி முடிக்கட்டும், சொல்லலாம் என்று நினைத்தாள். முடித்தான். இந்தக் கேள்வி போகட்டும் என்று நினைத்தாள். அதுவும் போனது. "நன்றி, நீங்கள் போகலாம்" என்றார்கள். அவன் போனான். ராஜம் குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பெயர்கள். அவன் பெயர் இல்லை.

காரில் ஏறப் போன பாலசுப்ரமணியனை ராஜம் ஓடிப் பிடித்தாள். "அந்த ஸ்லைடை அடிச்சது நான் சார். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

அவர் ஏறாமல் கார்க் கதவை மூடினார். "நீங்க ரெண்டாவது வரிசையிலதானே இருந்தீங்க?"

"ஆமா."

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு டாக்டரம்மா. இனிமே மாத்த முடியாது. எழுதிக் குடுங்க, ஃபைல்ல வெக்கிறேன். அடுத்த வருஷம் அவன் அப்ளை பண்ணா உதவும். உங்க மையத்துக்கு உதவாது. அதையும் தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க."

கார் மேலேயே தாளை வைத்து எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏசுதாஸ் பேருந்து நிறுத்தத்தில் இருந்தான். ராஜத்தின் ஜீப் வந்து நின்றது.

"கல்பாக்கம் பஸ்ஸுக்கு நிக்கிறேன் மேடம், சதுரங்கப்பட்டினம் போக. வேற யாராவது சொல்றதுக்குள்ள எல்லம்மாகிட்ட நானே சொல்லிடணும்."

"ஏறு. நானும் வரேன். மன்னிப்பு கேக்க வேண்டியது நான்."

அவன் ஜீப்பின் பக்கவாட்டைப் பார்த்தான். 'எய்ட்ஸ் ஆய்வு மையம், செங்கல்பட்டு' என்று முழ நீளச் சிவப்பு எழுத்து. "இதைக் கொண்டுபோய் அவங்க வூட்டு வாசல்ல நிறுத்தவா?"

"அப்ப பஸ்லயே வரேன்."

"போன டிசம்பர்ல அந்த ஊர் ஸ்கூல்ல மைக் புடிச்சுப் பேசினீங்க மேடம். உங்க மூஞ்சி தெரியாதவங்க அங்க இல்ல."

மன்னிப்புக் கேட்கப் போகக்கூடத் தனக்கு வழியில்லை என்பது ராஜத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதம் எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசுவீங்கன்னு நெனச்சேன் மேடம். அங்க நின்னப்போ."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவன் கேட்டான். "யார் எழுதினதுன்னு அவங்க கேட்டா என்ன சொல்லட்டும்?"

"என் பேரைச் சொல்லு."

தலையாட்டிவிட்டு ஏறினான்.

"போலாமா மேடம்?" என்றார் டிரைவர்.

"நீங்க வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க" என்று அனுப்பிவிட்டு, ராஜம் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓட்டலில் வைத்த பெட்டியை எடுக்க அவன் இங்கேதான் திரும்பி வர வேண்டும். எல்லம்மா என்ன சொன்னாலும், அதை அவன் வாயால் இன்றைக்கே கேட்டுவிட வேண்டும். கல்பாக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நின்றாள்.