கப்பல் தேயிலையும் கம்பெனி முதலாளியும்

அமெரிக்காவில் ஜனங்களைவிட லெசன் பிளான்கள்தான் அதிகம் என்ற முடிவுக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஜெயபாரதி வந்துவிட்டாள். லேப்டாப்பில் தட்டத் தட்டக் கொட்டியது. ஒன்று, வகுப்பறைக்கு முழு வான்கோழி கொண்டுவரச் சொன்னது. இன்னொன்று, டீச்சர் பஞ்சு விக் மாட்டிக்கொண்டு மேஜை மேல் ஏறி முழங்க வேண்டும் என்றது. மற்றொன்று, பிள்ளைகளை அருகிலுள்ள போர்க்களத்துக்குக் கூட்டிப்போகுமாறு பணிவோடு கேட்டுக்கொண்டது. பர் துபாயில் அவர்கள் ஃபிளாட்டுக்கு அருகிலுள்ள ஒரே போர்க்களம், தள்ளுபடி நாளில் மீனா பஜார் புடவைக் கடைதான். அங்கே விழுந்த தலைகளுக்குக் கணக்கே கிடையாது.

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. திருச்சியில் சோழர்களையும், துபாய் வந்து இந்தியப் பள்ளியில் மொகலாயர்களையும் புகட்டியவள். கணவன் ரகுநாதனின் கம்பெனி ஆளைக் குறைத்தபோது அவன் விசாவும் போயிற்று. குடும்பத்துக்கே விசா தருகிற வேலையாக, அவசரத்துக்கு இந்த அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிதான் கிடைத்தது. அவனும் மகள் தன்யாவும் இப்போது இவள் விசாவின் வாலைப் பிடித்துத் தொங்குகிறார்கள். நாளை துறைத் தலைவி ஹாலிதா வகுப்பில் வந்து உட்காருவாள். அவள் சரி என்றால்தான் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் மொத்தக் குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"என்னங்க, இது நல்லாருக்கு. பாஸ்டன்ல தேயிலையக் கடல்ல கொட்டினது. ராஜா வரி போட்டதுக்குப் பிள்ளைங்கள விட்டுப் புகார் எழுதச் சொல்லணுமாம்."

ரகுநாதன் சோபாவிலிருந்து எழுந்த வேகத்தில் சோபாவே ஒரு முழம் பின்னால் போயிற்று. "ராஜா மேல புகாரா? எங்க உக்காந்துட்டு என்ன பேசுற ஜெயா? மூடு, மூடு."

"இங்கிலாந்து ராஜாங்க. செத்து எலும்பும் மக்கியாச்சு."

"பிள்ளைங்க வீட்டுல போய், 'மிஸ் ராஜா மேல புகார் எழுதச் சொன்னாங்க'ன்னு மொட்டையா சொல்லும். அப்புறம் இந்த எலும்புக் கதைய யார்கிட்ட போய்ச் சொல்லுவ?" வேலை போனதிலிருந்து அவனுக்குக் காலிங் பெல் அடித்தாலும் பயம். "ராஜாவ எடுத்துட்டுக் கம்பெனி முதலாளின்னு போட்டுக்க. யாருக்கும் வலிக்காது."

போட்டுக்கொண்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு முதலாளி. குடிக்கிற டீக்கு வரி. வேலையாட்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், கீழக்கரைக்காரியான ஹாலிதா, இஸ்திரி போட்டு நிறுத்தியது போல் உட்கார்ந்தாள். பிள்ளைகள் காகிதப் பொட்டலங்களை நீல வாளியில் வீசிய கூச்சல் ஈரான் கரைவரை கேட்டிருக்கும். ஜெயபாரதிக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்போது அனன்யா என்ற பெண் எழுந்தாள். அவள் இங்கிலீஷில் கேட்டது தமிழில் இப்படி வரும்:

"மிஸ், முதலாளிக்குக் கோவம் வந்திருக்குமே. எல்லார் விசாவையும் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பியிருக்கலாமே. ஏன் பண்ணல?"

லெசன் பிளானின் விடைப் பக்கத்தில் கொட்டிய தேயிலையின் எடைகூட இருந்தது. இது இல்லை. யாரும் சிரிக்கவில்லை. இத்தனை நேரம் கூரையைப் பிய்த்த பிள்ளைகள், நியாயமான கேள்விதானே என்பது போல் அவளையே பார்த்தார்கள். சில வீடுகளில் 'விசா கேன்சல்' என்ற வார்த்தை ராத்திரிச் சாப்பாட்டில் புழங்குகிறது என்பது முகங்களிலேயே தெரிந்தது.

"அவங்களுக்கு விசாவே கிடையாதும்மா. நிறையப் பேர் அங்கேயே பொறந்தவங்க. இது எங்க ஊருன்னு சொல்லிட்டாங்க."

"நானும் இங்கதான் பொறந்தேன் மிஸ்."

இந்தத் தடவை தமிழில், மெல்ல. அவளைத் தவிர வகுப்பில் அது இரண்டு பேருக்குத்தான் புரியும். கடைசி பெஞ்சில் பேனா நின்றது. தன்யாவும் இங்கேதான் பிறந்தாள் என்பது ஜெயபாரதியின் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

"சரி, உக்காரு. எல்லாரும் கப்பலுக்குக் கலர் அடிங்க பார்ப்போம்."

எத்தனையோ படைகளின் ஓட்டத்தைப் பாடமாக நடத்தியவள். இவ்வளவு வேகமாக எந்தப் படையும் ஓடியதில்லை. போர்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பின்னால் ஹாலிதாவின் பேனா மறுபடி ஓடத் தொடங்கியது. வரி வரியாக, நிற்காமல் ஓடியது. என்ன எழுதுகிறாள் என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அனன்யா உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கையைத் தூக்கியிருந்தாள். ஜெயபாரதி ஜன்னலைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், மற்றப் பிள்ளைகளின் கப்பல்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பாராட்டினாள். நிமிர்ந்தபோது அனன்யா, வலித்த வலது முழங்கையை இடது உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, கையை இன்னும் இறக்காமல் வைத்திருந்தாள்.